சுவருக்கு வெளியே மூன்று ஓக் மரங்கள்

பிரின்டெக் மலையைக் காப்பாற்றியாகிவிட்டது என்று, மலைக்காகக் கேஸ் போட்டிருந்த சங்கத்தின் தலைவி க்வென் ப்ராஸர் சொன்னதும் சர்ச் ஹாலில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். எழிலரசி மட்டும் எழுந்திருக்கவில்லை. பக்கத்து நாற்காலிக் கிழவர் அவள் தோளைத் தட்டி, அழாதே, ஜெயித்துவிட்டோம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

காப்பாற்றியது என்னவென்றால் இதுதான். மலையில் வீடு கட்ட வந்த கம்பெனி, சுவர் எடுத்த பழைய கல்லறைத் தோட்டத்தைத் தொடாது. அதற்கு மேற்கே இருக்கும் தவளைக் குளத்தையும் தொடாது. இரண்டையும் சங்கத்தார் பேருக்கே எழுதிக் கொடுத்துவிடும். பதிலுக்குச் சங்கத்தார் கேஸை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். கிழக்குச் சரிவில் ரோடு போடுவதற்கு மறுப்புச் சொல்லக் கூடாது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். திராட்சை போட்ட வேல்ஸ் ரொட்டியை வெட்டி, வெண்ணெய் தடவி, காகிதத் தட்டில் வைத்து ஆளாளுக்கு நீட்டினார்கள்.

அந்தக் கிழக்குச் சரிவில்தான், சுவருக்கு வெளியே, ஓக் மரத்தடியில், எழிலரசியின் முதல் பிள்ளை மண்ணுக்குள் இருந்தது. ஹாலில் ஒருத்தருக்கும் அது தெரியாது. அமெரிக்காவிலேயே தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருத்தி அவள். இன்னொருத்தன் அவள் புருஷன் திருமூர்த்தி. மூன்றாவது ஆள், வேலை மாறி ஹூஸ்டனுக்குப் போய்விட்ட அவன் சிநேகிதன் பசுபதி.

அது தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஜனவரியில் நடந்தது. அவர்கள் சான் ஹோசேக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஐந்தாம் மாதத்தில் வலி கண்டு, ஆஸ்பத்திரிக்கு ஓடி, பிறந்தபோதே பிள்ளைக்கு உயிரில்லை. ஆண் பிள்ளை. மற்றதையெல்லாம் நாங்களே பார்த்துக்கொள்ளலாமா என்று நர்ஸ் தன்மையாகத்தான் கேட்டாள். ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்வது என்றால் எரிப்பது என்று தெரிந்ததும் திருமூர்த்தி வேண்டாம் என்றுவிட்டான். உடுமலைப்பேட்டைப் பக்கம் பச்சைப் பிள்ளையை நெருப்பில் போடுகிற வழக்கம் கிடையாது. மண்ணுக்குத்தான் கொடுப்பார்கள். ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு சின்னப் பெட்டியை அவன் கையில் கொடுத்தார்கள்.

வாங்கிவிட்டானே தவிர எங்கே கொண்டுபோவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் பிரின்டெக் மலை ஞாபகம் வந்தது. தீபாவளிக்கு முன்னால் தமிழ்க் குடும்பங்களாகச் சேர்ந்து அங்கே பிக்னிக் போயிருந்தார்கள். சான் ஹோசேயிலிருந்து ஒரு மணி நேரம். நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் வேல்ஸ் நாட்டிலிருந்து நிலக்கரி வெட்ட வந்தவர்கள் அந்த மலைக்குத் தங்கள் பாஷையில் பேர் வைத்து, சுரங்கம் தோண்டி, பிள்ளை பெற்று, பாதிப் பிள்ளைகளைக் காய்ச்சலுக்குக் கொடுத்து, கரி தீர்ந்ததும் போய்விட்டார்கள். மிஞ்சியது கல்லறைத் தோட்டம் மட்டும். அதில் பாதிக்குமேல் சின்னக் கற்கள். வயிற்றுப் பிள்ளையோடு எழிலரசி அதையெல்லாம் பார்த்துக்கொண்டே நடந்ததைத் திருமூர்த்தி கவனித்திருந்தான். அங்கே துணைக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. படித்தவன், கம்ப்யூட்டர்காரன், இருந்தாலும் அந்த நேரத்தில் அப்படித்தான் தோன்றியது.

ஊரிலிருந்து மாமியார் போனில் சொன்னாள். "கல்லு கில்லு வெக்காத சாமி. பேரும் வெக்காத. மண்ணப் போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரு. பாத்தா அது அங்கயே நின்னுக்கும். மறுக்கா உங்ககிட்ட வராது."

பெண்கள் அந்த மாதிரி இடத்துக்குப் போவதில்லை. எழிலரசியும் போகவில்லை, போகிறேன் என்று கேட்கவும் இல்லை. திருமூர்த்தியும் பசுபதியும் விடிகிற நேரத்தில் மூடுபனியில் கிளம்பிப் போனார்கள். இவள் அபார்ட்மெண்டில் படுத்துக் கிடந்தாள். குடிக்கப் பிள்ளை இல்லாமல் மார்பில் பால் கட்டிக்கொண்டு வலித்தது. அவன் திரும்பி வந்து, துணியோடு ஷவரில் நின்று குளித்துவிட்டு, ஈரத்தலையோடு கட்டில் பக்கத்தில் வந்து நின்றான். "செவுத்துக்கு வெளிய, ஓக் மரத்தடியில. நல்ல எடம்" என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவனும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. ரெண்டு வருஷத்தில் ரக்ஷா பிறந்தாள். மாமியார் சொன்னது பலித்தது என்று ஊரில் பொங்கல் வைத்தார்கள்.

வீடு கட்டும் கம்பெனி மலையை வாங்குகிறது என்ற செய்தியை எழிலரசி பல் டாக்டரின் வரவேற்பறையில் கிடந்த பேப்பரில் பார்த்தாள். தன் முறை வந்து கூப்பிட்டதுகூட அவள் காதில் விழவில்லை. அடுத்த சனிக்கிழமையே மலைக்குப் போய், புல் வெட்டிக்கொண்டிருந்தவர்களிடம் நானும் சேர்ந்துகொள்கிறேன் என்றாள். புருஷனுக்கு வேலை பார்க்க விசா, பெண்டாட்டிக்கு வீட்டில் உட்கார விசா என்றிருந்த காலம். சும்மா இருக்க முடியாமல் பொழுதுபோக்குக்குப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

அங்கே போன பிறகுதான் தெரிந்தது, மலையைக் காப்பாற்ற ஒன்றுக்கு இரண்டு சங்கம் இருக்கிறது, இரண்டும் மாமியாரும் மருமகளும் மாதிரி என்று. க்வென் ப்ராஸரின் சங்கம் கல்லறைகளுக்கானது. சுரங்கத்தில் செத்தவர்களின் கொள்ளுப்பேரன் பேத்திகள். ரஸ்ஸல் என்று ஒரு தாடிக்காரனின் சங்கம் தவளைக்கும் புல்லுக்குமானது. க்வென் ஆட்கள் கல்லறையைச் சுற்றி வேல்ஸ் நாட்டு மஞ்சள் பூவை நட்டால், இது இந்த மண்ணுக்குரிய செடி இல்லை என்று ரஸ்ஸல் ஆட்கள் பிடுங்குவார்கள். செத்தவர்களும் இந்த மண்ணுக்குரியவர்கள் இல்லை, அவர்களையும் பிடுங்குவீர்களா என்று க்வென் கேட்பாள். கம்பெனிக்காரன் வந்த பிறகு வேறு வழியில்லாமல் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வேல்ஸ் நாட்டிலிருந்தே ஒரு சங்கத்தார் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தங்கள் ஊர் மலையையும் பழைய தேவாலயத்தையும் காப்பாற்றவே அங்கே அவர்கள் மன்றாடிக்கொண்டிருந்தார்களாம். கடல் தாண்டி வந்து, முன்பின் தெரியாத கிராமத்தாரின் கல்லைத் தொட்டு அவர்கள் கண் கலங்கியதை எழிலரசி தள்ளி நின்று பார்த்தாள். பொறாமையாக இருந்தது.

மூன்று வருஷம் அவள் மாடாக உழைத்தாள். பாசி பிடித்த கல்லைத் தண்ணீர் விட்டு மெல்லிய பிரஷ்ஷால் தேய்க்கக் கற்றுக்கொண்டாள். மாலுக்கு வெளியே நின்று கையெழுத்து வாங்கினாள். ஹியரிங் நடக்கும்போதெல்லாம் ரக்ஷாவை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தாள். தமிழ்ச் சங்கத்தில் சிரித்தார்கள். "ஊர்ல கொலசாமி கோயிலுக்கு வெள்ளையடிக்க ஆளக் காணோம், இவ இங்க வெள்ளைக்காரன் சமாதியக் கழுவிட்டிருக்கா" என்று ஷ்யாமளா அவள் முகத்துக்கு நேரேயே சொன்னாள். எழிலரசியும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தாள்.

கிழக்குச் சரிவில் மூன்று ஓக் மரங்கள் இருந்தன. ஒன்று சுவரை ஒட்டினாற்போல் மேலே. ஒன்று நடுவில். ஒன்று கீழே, மழைக்காலத்தில் மட்டும் ஓடுகிற ஓடைக்குப் பக்கத்தில். சுவருக்கு வெளியே என்று அவன் சொன்னதால், சுவரை ஒட்டிய மரம்தான் என்று அவளாக முடிவு பண்ணிக்கொண்டாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் கல் கழுவி மிஞ்சிய தண்ணீரை அதன் வேரில் ஊற்றுவாள். டிபன் பாக்ஸிலிருந்து ஒரு கை தயிர்சாதம் எடுத்து இலைச் சருகின்மேல் வைப்பாள். யாரும் பக்கத்தில் இல்லையென்றால் ரக்ஷா அந்த வாரம் என்னென்ன பண்ணினாள் என்று சொல்லிவிட்டு வருவாள். புருஷனிடம் கேட்டு உறுதி பண்ணிக்கொள்ள வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள்.

கூட்டம் முடிந்து ரொட்டி தின்றுகொண்டிருந்த ரஸ்ஸலிடம் அவள் முதலில் போனாள். ரோட்டுக்காக அந்த மூன்று மரங்களையும் வெட்டுவார்களா என்று கேட்டாள். ஆமாம், ஆனால் ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று வீதம் குளக்கரையில் நட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்று அவன் பெருமையாகச் சொன்னான். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். தவளைக்குச் சட்டம் இருக்கிறது. நூறு வருஷத்து எலும்புக்குச் சங்கம் இருக்கிறது. ஓக் மரத்துக்குக்கூட ஒன்றுக்குப் பத்து இருக்கிறது. ஆறு வருஷத்துப் பிள்ளைக்கு எந்த வீட்டு வாசலில் போய் நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஹாலின் சமையலறையில் க்வென் தனியாகத் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். ரிட்டயர்டு டீச்சர், எழுபதைத் தொட்டவள். எழிலரசி கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஆங்கிலத்தில் சொல்லும்போது அது வேறு யாருக்கோ நடந்தது மாதிரி இருந்தது. க்வென் குழாயை மூடிவிட்டு, சோப்பு நுரைக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டாள்.

பிறகு க்வென் டீச்சராக மாறினாள். "சட்டப்படி சொன்னால் ஷெரிஃப் வருவார். தோண்டுவார்கள். கிடைத்தால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆறு வருஷம் ஆயிற்று, இந்த மலை மண் ஒன்றையும் மிச்சம் வைக்காது. கிடைக்காவிட்டால் ரோடு போடுவார்கள். இரண்டில் எது நடந்தாலும் உனக்கு அந்த இடம் இல்லை."

"ஒப்பந்தத்தை மாற்ற முடியாதா?"

"கையெழுத்து ஆகிவிட்டது, எழில். நான் வாங்கியதே அரைகுறை. மறுபடி கேஸ் என்று போனால் கல்லறைகளும் போய்விடும்." இதைச் சொல்லும்போது க்வென் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆனால் ரோடு போடும் எஞ்ஜினியர் நல்ல மனுஷன். செவ்வாய்க்கிழமை மரங்களுக்கு அடையாளம் போட வருகிறான். ஒரு மரத்தை விட்டுவிடு, காரணம் கேட்காதே என்றால் செய்வான். ஒன்றுதான் கேட்க முடியும். எது என்று சரியாகக் காட்டு."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எழிலரசி வீட்டுக்கு ஓடினாள்.

திருமூர்த்தி ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ் வேலையாகத்தான் உட்கார்ந்திருந்தான். ரெண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுபோகும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த வருஷம். அவள் சொல்லச் சொல்ல அவன் மானிட்டரையே பார்த்துக்கொண்டு இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"க்வென்கிட்ட சொல்லிட்டியா?" என்றான் கடைசியில்.

"சொல்லாம என்னங்க பண்றது?"

"அடுத்த மாசம் கிரீன் கார்டு இன்டர்வியூ. அடுத்தவன் லேண்ட்ல நைட்டோட நைட்டா பொதைச்சான்னு எவனாச்சும் கம்ப்ளெயின்ட் பண்ணுனா? அதுக்குப் பேரு இங்க என்னன்னு தெரியுமா உனக்கு?"

"நைட்டு இல்லீங்க, காலையில."

"எழிலு."

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். வந்து எந்த மரம்னு மட்டும் காட்டுங்க. செவுத்த ஒட்டின மரந்தானுங்களே? அது மட்டும் சொல்லிருங்க, நான் பாத்துக்கறேன்."

அவன் அப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தான். "செவுத்த ஒட்டி இல்ல. எறங்கிப் போனம்" என்றான்.

மூன்று வருஷமாக ஊற்றிய தண்ணீர், வைத்த சோறு, சொன்ன பேச்சு எல்லாம் ஒரு வெறும் மரத்துக்கு. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். அறைக்குள்ளிருந்து ரக்ஷா எட்டிப் பார்த்து, "மாம், வாட் ஹாப்பெண்ட்?" என்றாள். ஒண்ணுமில்ல கண்ணு, போய் டிவி பாரு என்றான் திருமூர்த்தி. பிறகு எழுந்து கார் சாவியை எடுத்தான்.

ரக்ஷாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இரண்டு பேரும் மலைக்குப் போனார்கள். ஆறு வருஷத்தில் திருமூர்த்தி அங்கே கால் வைத்தது அன்றைக்குத்தான். மார்ச் மாதம், மலை முழுக்கப் பச்சை. கேட்டிலிருந்து சுவர் வரைக்கும் விறுவிறு என்று நடந்தவன், சுவரைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் வந்ததும் நின்றான். இங்கே பார்த்தான், அங்கே பார்த்தான். நடு மரத்துக்கு இறங்கினான். அங்கிருந்து கீழ் மரத்தைப் பார்த்தான். திரும்ப ஏறி வந்தான்.

"ஒரு மரம் தான் இருந்துது" என்றான்.

"மூணு மரமும் நூறு வருஷத்து மரமுங்க. நேத்தா மொளைச்சுது?"

"அன்னைக்கு ஃபாக். முன்னாடி நிக்கற பசுபதியே தெரியல. ஒரு மரந்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. அதுகிட்ட தோண்டுனம்."

"வர்றப்ப? திரும்பி வர்றப்ப பாக்கலீங்களா?"

கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பெற்ற தாய் சொன்னதை அவன் அட்சரம் பிசகாமல் செய்திருந்தான். கல் வைக்கவில்லை, பேர் வைக்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. ஊரில் என்றால் அது சரி. ஊரில் அந்த மண் எங்கே போய்விடும்? வாய்க்கால் மேட்டில் எந்த இடம் யாருடையது என்று ஊருக்கே தெரியும், நாம் பார்க்காவிட்டாலும் நாலு பேர் பார்த்திருப்பார்கள். இங்கே அவர்கள் பார்க்காவிட்டால் பார்த்தவர்கள் யாருமில்லை. இது அவனுக்கும் தோன்றவில்லை, போனில் சொன்ன கிழவிக்கும் தோன்றவில்லை.

"நடு மரமா இருக்கும்னு நெனைக்கறேன்" என்றான் திருமூர்த்தி.

"நெனைக்கறதெல்லாம் வேண்டாமுங்க. பசுபதி அண்ணனக் கேளுங்க."

மலையடிவாரத்தில் இருந்த பெட்ரோல் பங்க் போனிலிருந்து ஹூஸ்டனுக்குக் கூப்பிட்டார்கள். பசுபதி ஹில்கிராஃப்ட் இந்தியக் கடைத்தெருவில் மளிகை வாங்கிவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தான். எழிலரசி போனில் புருஷன் காதோடு தன் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு எடம் தெரியாது மாப்ள. ஆனா தண்ணிச் சத்தம் நல்லா ஞாபகம் இருக்கு" என்றான் பசுபதி. "ஓடையில தண்ணி போயிட்டிருந்துச்சு. நீ தோண்டிட்டிருந்த, நான் பெட்டியக் கையில வெச்சுட்டு அந்தச் சத்தத்தையே கேட்டுட்டு நின்னேன். கிட்டதான் இருந்துச்சு."

"அப்ப கீழ இருக்கற மரமா?"

"அது உனக்குத்தான தெரியும்? நான் உன் பின்னால வந்தவன். நீ திரும்பாதன்ன, நானும் திரும்பல."

போனை வைத்த பிறகு இரண்டு பேரும் காருக்குள் வந்து உட்கார்ந்தார்கள். மூன்று பேருக்கு மூன்று மரம். அவளுடையது மேல் மரம், அவனுடையது நடு மரம், பசுபதியுடையது கீழ் மரம். ஓடைச் சத்தம் நடு மரத்துக்கும் கேட்காதா என்றான் திருமூர்த்தி. ஜனவரி மழையில் கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். அடுத்த ஜனவரி வரைக்கும் காத்திருந்து கேட்டுப் பார்க்க யார் விடப்போகிறார்கள்? திருமூர்த்தி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். "என்னால முடியல எழிலு. என் கையால வெச்சேன். எங்க வெச்சேன்னு தெரியல" என்றான். அவளுக்கு அவன்மேல் ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. கன்னத்தில் ஒரு அறை விட்டால் தேவலை என்றிருந்தது. அதே நேரம் அந்தக் குனிந்த தலையைத் தடவிக் கொடுக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை முழுக்க அவள் ஒரு வேலையும் ஓடாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மூன்றையும் விடச் சொல்லிக் காலில் விழலாமா என்று க்வென்னுக்குப் போன் பண்ணினாள். ஒன்றுக்கு மேல் கேட்டால் ஏன் என்று கேட்பான், ஏன் என்று கேட்டால் ஷெரிஃப்தான் என்றாள் க்வென். குரலில் அன்பும் இருந்தது, பயமும் இருந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிடக் கூடாதே என்று அந்தக் கிழவி தன் கல்லறைகளுக்காகப் பயந்தாள். அவள் கல், அவள் முப்பாட்டன். எழிலரசிக்கு அது புரிந்தது. புரிந்ததனால் வலி ஒன்றும் குறையவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை திருமூர்த்தி லீவு போட்டுவிட்டு வந்தான். எஞ்ஜினியர் தொப்பி வைத்த நடுவயசுக்காரன், பின்னால் வெட்டுகிற மரத்துக்குக் குறி போடச் சிவப்பு ஸ்ப்ரே பெயிண்ட் டப்பாவோடு இரண்டு பேர். க்வென் அவனைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசினாள். அவன் எழிலரசியைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, சரிவைக் கண்ணால் அளந்தான்.

"கீழே இருக்கிற மரத்துக்கு யாராலும் ஒன்றும் பண்ண முடியாது. ரோடு சரியாக அதன் மேல்தான் போகிறது" என்றான். "மேலே இருக்கிற இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். சுவரிலிருந்து வேலியை நீட்டி அதைச் சேர்த்துவிடுகிறேன். எது?"

எழிலரசி கீழ் மரத்தைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு நாளாக யோசித்து யோசித்து, கீழ் மரம்தான் என்று அவள் மனசு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பசுபதி ஓடைச் சத்தத்தைக் கற்பனை பண்ணிச் சொல்கிற ஆள் இல்லை. பெட்டியை வைத்துக்கொண்டு நின்றவன் காதில் விழுந்த சத்தம் அது. அந்த மரம் ஒரே வார்த்தையில் போய்விட்டது.

எல்லாரும் திருமூர்த்தியைப் பார்த்தார்கள். அவன் நடு மரத்தைப் பார்த்தான், வாயைத் திறந்தான், மூடினான். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "ஐ ஆம் நாட் ஷ்யூர்" என்றான். எஞ்ஜினியர் க்வென்னைப் பார்த்தான். க்வென் தரையைப் பார்த்தாள். நிச்சயமில்லை என்றால் நான் எதற்காக வேலியை மாற்றுவது என்பது மாதிரி அவன் பெயிண்ட் ஆட்களின் பக்கம் திரும்பினான்.

எழிலரசி சரிவில் இறங்கினாள். மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றிய மேல் மரத்தைத் தாண்டிப் போனாள். நடு மரத்தடிக்குப் போய், வேர் மேல் நின்று, அடிமரத்தில் இரண்டு கையையும் வைத்தாள். "இதுதான்" என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னாள். "நிச்சயமாக இதுதான்."

எஞ்ஜினியர் ஆரஞ்சு நாடாவை எடுத்துக்கொண்டு இறங்கிவந்து மரத்தைச் சுற்றிக் கட்டினான். ஒன்றும் கேட்கவில்லை. கட்டி முடித்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றுவிட்டு ஏறிப் போனான். க்வென் சொல்லியிருப்பாள் போல.

திருமூர்த்தி மெதுவாக இறங்கி வந்தான். "எப்படிக் கண்டுபுடிச்ச?" என்றான்.

"பெத்தவளுக்குத் தெரியாதுங்களா?" என்றாள்.

அவன் அவள் முகத்தையே பார்த்தான். ஒரு சந்தேகம் கேட்டிருந்தால் போதும், அவள் உடைந்துபோயிருப்பாள். அவன் கேட்கவில்லை. நம்பிவிட்டான். நம்புவதற்காகவே ஆறு வருஷம் காத்திருந்தவன் மாதிரி முழுசாக நம்பிவிட்டான். ஈர மண்ணில் அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்து, வேருக்குப் பக்கத்தில் உள்ளங்கையை விரித்து வைத்தான். "சாமி, அப்பா வந்துட்டேன்டா" என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அழுது அவள் பார்த்ததில்லை. தோள் குலுங்கக் குலுங்க, மூக்கு ஒழுக, வெட்கமில்லாமல் அழுதான்.

எழிலரசிக்குக் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை. அவளும் அவனோடு சேர்ந்து அழுதிருக்கலாம், இது அந்த இடமாக இருந்திருந்தால். இருக்கவும் கூடும். இல்லாமலும் இருக்கக் கூடும். இனி அதை அவள் யாரிடமும் கேட்க முடியாது, அவனிடம் ஒருக்காலும் முடியாது. வருஷா வருஷம் அவன் இங்கே வருவான், அவளும் கூட வந்து நிற்க வேண்டும்.

சரிவில் கீழே பெயிண்ட் ஆட்கள் இரண்டு பேரும் ஓடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் டப்பாவைக் குலுக்கினான். உள்ளே குண்டு உருளுகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது.

"நீயும் வா எழிலு, வந்து கிட்ட உக்காரு" என்று திருமூர்த்தி கையை நீட்டினான்.

அவள் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் வைத்திருந்த இடத்திலேயே தன் கையையும் வைத்தாள்.